துரு ஏறாத மரங்கொத்தி

எங்கள் கம்பெனியில் என் அக்காவின் கணவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தாலாட்டுக்காரர் என்பார்கள். பாட்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். பேச்சே அளந்துதான் வரும். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர். ஆனால் மெஷின்களைத் தூங்க வைப்பது அவர் வேலை. ஆர்டர் குறைந்தால் பாதி ஷெட்டை மூடிவிடுவார்கள். ஆறு மாதமோ இரண்டு வருஷமோ, யாருக்கும் தெரியாது. அத்தனை காலமும் லேத், டிரில், பிரஸ் என்று இருட்டில் நிற்கும் எதுவும் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள் அவர். எனக்கு மாமா.

நான் அதே கம்பெனியில் எலக்ட்ரீஷியன். எனக்கு முன்கோபம் உண்டு, வாயும் கொஞ்சம் நீளம். அதனால்தானோ என்னவோ, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனிதரோடு எனக்கு நன்றாக ஒத்துப்போனது. அவர் பேசாததையும் சேர்த்து நானே பேசிவிடுவேன்.

கடல் எங்களுக்குப் பக்கம். காற்றிலேயே உப்பு இருக்கும். எண்ணெய் காணாத இரும்பு ஒரு வாரத்தில் சிவந்துவிடும். புதிதாக வருகிற மேனேஜர்கள் எல்லோரும் முதலில் செய்கிற காரியம், மெஷினைப் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி, மேலே கயிற்றையும் கட்டி, வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொள்வது. பிளாஸ்டிக்குக்குள் இரும்பு வியர்க்கும். பகலில் சூடு, இரவில் குளிர். உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் இரும்பின் மேலேயே இறங்கும். மூன்று மாதம் கழித்துப் பிரித்தால் தோலில் வந்த படை மாதிரித் திட்டுத்திட்டாகத் துரு. மாமா பிளாஸ்டிக்கைத் தொடவே மாட்டார். முதலில் மண்ணெண்ணெயில் கழுவுவார், துடைத்து உலர விடுவார், பிறகு மெல்லிய எண்ணெய், அதன்மேல் கிரீஸ், அதன்மேல் மெழுகுத் தாள், எல்லாவற்றுக்கும் மேலே காற்று புகும் பருத்தி உறை. மூடிக்குள்ளே ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலங்களைப் போட்டு வைப்பார். பெல்ட்டைத் தளர்த்திவிடுவார். மாதம் ஒரு முறை போய்ச் சக்கரத்தைக் கையால் கொஞ்சம் சுற்றி வைப்பார். ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தால் மனுஷனுக்கே முதுகில் புண் வருகிறதே, இரும்புக்கு வராதா என்பார்.

சிலருடைய கை வியர்வை பட்டாலே இரும்பு மறுநாள் துருப்பிடிக்கும். என் கை அந்த ரகம். ஒரு முறை அவர் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த லேத்தின் மேல் சும்மா கையை ஊன்றிக்கொண்டு வம்பளந்தேன். மறுநாள் அந்த இடத்தில் என் ஐந்து விரலும் செம்மண்ணில் பதித்த மாதிரி இருந்தது. அவர் திட்டவில்லை. ஒரு ஜோடி பருத்திக் கையுறையை என் டூல் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஷெட்டில் எனக்கு உப்புக்கை என்று பெயர். தாலாட்டுக்காரரும் உப்புக்கையும் ஒரே குடும்பமா என்று கேட்டுச் சிரிக்காத புது ஆளே கிடையாது.

அக்காவும் அவரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டுமே. அக்கா ஒருத்தியாகவே சண்டையை ஆரம்பித்து, ஒருத்தியாகவே நடத்தி, அவளே சமாதானமாகி, அவருக்கும் சேர்த்து டீ போட்டுக் கொண்டுவருவாள். அவர் வாங்கிக் குடிப்பார்.

வேலையில் அவருக்கு இரண்டு பிடிவாதம் உண்டு. அழுக்கோடு ஒரு மெஷினை மூடக் கூடாது. துரு அழுக்குக்கு அடியில்தான் முதலில் பிடிக்கும். இன்னொன்று, தூங்கப் போகிற மெஷினில் இறுகிக் கிடக்கிற எதையும் அப்படியே விடக் கூடாது. நட்டோ கம்பியோ கொக்கியோ, இன்றைக்கு லேசாக இறுகியிருப்பது ஒரு வருஷம் கழித்து ஒட்டியே போய்விடும். அதனால் ஒவ்வொன்றையும் கழற்றி, ஊறவைத்து, லகுவாக அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணெய் போடுவார். அவர் தூங்க வைத்த மெஷின் எழுப்பிய அன்று முதல் மிதியிலேயே ஓடும். எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்பார் என்று நான் கேலி செய்வேன். அந்தக் கேலி மட்டும் அவருக்குப் பிடிக்கும்.

அவர்களுக்குப் பிள்ளை ஒருவன்தான். அப்பனுக்கு நேர் எதிர். அவசரக் குடுக்கை. படியில் இறங்க மாட்டான், குதிப்பான். சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே செருப்பை மாட்டுவான். அக்காவின் வாயும் அவளுடைய சிரிப்பும் அப்படியே வந்திருந்தன. படிப்பு முடிந்ததும் எங்கள் கம்பெனியிலேயே பிரஸ் ஆபரேட்டராகச் சேர்ந்தான். என்னை எல்லோர் முன்னாலும் ‘உப்புக்கை மாமா’ என்று கூப்பிடுவான். நானும் ஓங்கின கையை அவன் தோளில்தான் போடுவேன்.

அவன் ஓட்டியது ஷெட்டின் கோடியில் நின்ற பெரிய பிரஸ். பெடலை மிதித்தால் மேலே இருக்கும் கனமான தலை ஒரு முறை இறங்கித் தகட்டை வெட்டிவிட்டு மேலே போய் நின்றுவிட வேண்டும். காலை எடுத்து மறுபடி மிதித்தால்தான் மறுபடி இறங்க வேண்டும். ஆனால் அந்தப் பிரஸ் சில நாட்களில் ஒரு மிதிக்கு இரண்டு கொத்து கொத்தும். அதனால்தான் அதற்கு மரங்கொத்தி என்று பெயர். ஷெட்டில் அதை வைத்து ஆளுக்கொரு ஜோக் சொல்வார்கள். மேலதிகாரிகளிடம் வாய்விட்டுச் சொன்னதும் உண்டு. பார்க்கலாம் என்று பதில் வந்ததும் உண்டு.

ஒரு மத்தியானம் தகடு சிக்கிக்கொண்டது. அவன் குனிந்து அதை இழுத்தான். தலை இரண்டாம் முறை இறங்கியது. ஓடிப்போய் மெயினை அணைத்தவன் நான். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவனுக்கு இருபத்து மூன்று வயது.

அடக்கம் எல்லாம் முடிந்தது. வீட்டில் யார் யாரோ வந்து அழுதார்கள். மாமா அழவில்லை. வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், போனதும் மடக்கி வைத்தார். மூன்றாம் நாள் காலையில் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கம்பெனிக்குப் போய்விட்டார். ஷெட் பூட்டியிருந்தது. பிள்ளை போன இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழட்டும் என்று வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டு அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். சட்டையெல்லாம் மண்ணெண்ணெய் வாசனை. அவர் மேல் என்றைக்குத்தான் மண்ணெண்ணெய் வாசனை இல்லை? அழுதுவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து அக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதல். எனக்கும்தான்.

கம்பெனி தன் கதையைச் சொன்னது. பையன் காலைப் பெடலிலேயே வைத்துக்கொண்டு குனிந்திருக்கிறான், அவனே மிதித்துவிட்டான், கவனக்குறைவு. பிரஸ்மேல் ஒரு குறையும் இல்லை. அதுவரை மரங்கொத்தி ஜோக் சொன்னவர்களுக்கெல்லாம் திடீரென்று மறதி வந்துவிட்டது. பிள்ளைகுட்டிக்காரர்கள், வேலை போய்விடுமே என்ற பயம், எல்லாம் எனக்கும் புரிகிறது. இருந்தாலும் அவர்களில் சிலரோடு நான் இன்றுவரை பேசுவதில்லை.

விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. நஷ்டஈட்டைப் பற்றித் தொழிற்சங்க வக்கீல் ஆரம்பித்தபோது அக்கா பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

“என் பிள்ளை கவனமில்லாம செத்தான்னு யாரும் எழுதக் கூடாது. எனக்கு அது ஒண்ணு போதும்.”

வக்கீல் எப்போதும் பெப்பர்மின்ட் சப்பிக்கொண்டிருப்பார். அதை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு அவர் சொன்னது இது: மனுஷன் மாற்றிப் பேசுவான், மெஷினுக்கு அது தெரியாது. பரிசோதனை இன்ஜினியர் வந்து ஓட்டிப் பார்க்கும்போது அந்தப் பிரஸ் ஒரே ஒரு முறை ஒரு மிதிக்கு இரண்டு கொத்து கொத்தட்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அதுவரை அது துருப்பிடிக்கக் கூடாது. துருப்பிடித்தால், இந்தக் கோளாறே துருவால் பிறகு வந்தது என்று கம்பெனி சொல்லிவிடும்.

உத்தரவும் அப்படியே வந்தது. பிரஸ்ஸை நகர்த்தக் கூடாது, ஓட்டக் கூடாது, ரிப்பேர் செய்யக் கூடாது; துருப்பிடிக்காமல் மட்டும் பாதுகாக்க வேண்டும். யார் பாதுகாப்பது? மேனேஜர் எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு இழுத்து இழுத்துப் பேசினார். எனக்குச் சுள்ளென்று வந்தது. பிள்ளையைத் தின்ற மெஷினை அப்பன் துடைத்து எண்ணெய் தேய்க்க வேண்டுமா என்று கத்தினேன். மாமா என் பக்கம்கூடத் திரும்பவில்லை. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மேனேஜரிடம் சொன்னார். இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, உறை மட்டும் வேண்டும் என்றும் சொன்னார். அந்த வார்த்தையை அப்போது யாரும் காதில் வாங்கவில்லை.

கோர்ட் விவகாரம் கிணற்றில் போட்ட கல். எந்தக் கோர்ட்டில் நடத்துவது என்பதற்கே ஒரு வருஷம் வாய்தா. பரிசோதனைக்கு இன்ஜினியரை நியமிக்க இன்னொரு வருஷம். இரண்டு பக்கத்துக்கும் ஒத்துக்கொள்கிற இன்ஜினியர் கிடைக்க அதற்கு மேல். மொத்தம் நாலு வருஷம் ஓடிப்போனது.

அந்த நாலு வருஷத்தில் அவர்கள் வீட்டில் துக்கம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். துக்கமாவது கூடும், குறையும். அங்கே எதுவும் அசையவில்லை. சத்தம் இல்லாமல் டிவி ஓடும். இரண்டு பேரும் பார்ப்பார்கள். என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. வாசல் கதவுக் கீல் கிறீச்சிடும். ஊரில் உள்ள இரும்புக்கெல்லாம் எண்ணெய் விடுகிற மனிதர் அதற்கு ஒரு சொட்டு விடவில்லை. அக்கா சண்டையை மறந்துவிட்டாள். சாப்பிட்டாயா என்று நான் கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்ட ஒரே விஷயம் அந்தப் பிரஸ். முதலில் அதன் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போனவள், வக்கீல் சொன்ன பிறகு மாறிவிட்டாள். மழை பெய்தால் அவளுக்குத் தூக்கம் வராது. ஈரக்காற்றாக இருக்கிறதே, போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள் என்பாள். அவர் போய்வந்து கதவைத் திறக்கும்போதே அடுப்படியிலிருந்து கேட்பாள், எப்படி இருக்கிறது என்று. ஆஸ்பத்திரியில் இருக்கிற ஆளை விசாரிக்கிற குரல். நன்றாக இருக்கிறது என்பார் அவர். அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

துடைப்பதற்குப் புதுத் துணி ஆகாது. அதில் இருக்கிற கஞ்சி ஈரத்தை இழுக்கும். பலமுறை துவைத்து நைந்த பருத்திதான் நல்லது. கம்பெனி கொடுத்த கழிவுத் துணியில் பாதி நைலான். ஒரு நாள் அக்கா பீரோவைத் திறந்து, பிள்ளையின் பனியன்களையும் பழைய சட்டைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, பட்டன்களை வெட்டி, சதுரம் சதுரமாகக் கிழித்து, மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர்கள் இரண்டு பேர் முகத்திலும் ஒன்றும் இல்லை. அழுதிருந்தால் நான் தேற்றியிருப்பேன். அழாதவர்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, கோபம்தான் வந்தது.

ஒரு முறை பஸ்ஸுக்காக நானும் அவரும் நின்றுகொண்டிருந்தோம். நான் வழக்கம்போல் கம்பெனியை வைதுகொண்டிருந்தேன். அவர் நடுவில் பேசினார்.

“அவன்தான் மிதிச்சிருப்பான், மாப்ளே.”

என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

“கால பெடல்ல வச்சுக்கிட்டுக் குனியாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். கேக்க மாட்டான். அவசரம். அக்காகிட்ட சொல்லிடாதே.”

அப்படியென்றால் எதற்காக மாதாமாதம் அந்தச் சனியனுக்குப் பணிவிடை செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவள் கேட்கிறாளே என்றார். பஸ் வந்தது, ஏறிக்கொண்டோம். மரங்கொத்தி இரண்டு கொத்து கொத்துவது அவருக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் தன் பிள்ளையின் அவசரமும் அவருக்குத் தெரியும். அந்த இரண்டில் எது என்று முடிவு செய்ய வேண்டி வந்தபோது அவர் பிள்ளைக்கு எதிராக முடிவு செய்துகொண்டு, அதை யாரிடமும் சொல்லாமல், பிரஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அவர் முகத்தைப் பார்ப்பதே கஷ்டமாக இருந்தது.

பரிசோதனை நாள் வந்தது. அக்கா வரவில்லை. அந்த ஷெட்டுக்குள் அவளால் கால் வைக்க முடியாது. இன்ஜினியர் ஒரு பெண்மணி. நிதானமானவர், எதையும் இரண்டு முறை பார்ப்பவர். கம்பெனி வக்கீல், நம் வக்கீல், மேனேஜர் எல்லோரும் வட்டமாக நின்றார்கள். மாமா உறையைக் கழற்றினார். மெழுகுத் தாளைப் பிரித்தார். கிரீஸை வழித்தெடுத்துத் துணியால் துடைத்தார். அந்தத் துணி எந்தத் துணி என்று எனக்கும் அவருக்கும்தான் தெரியும். உள்ளே இரும்பு நேற்று வாங்கியது போல இருந்தது. மருந்துக்கும் ஒரு புள்ளி துரு இல்லை. கம்பெனி வக்கீல்கூட அடடா என்றார்.

மின்சாரத்தை நான் கொடுத்தேன். முருங்கை மரத்தடியில் காய் விழக் காத்திருக்கிறவன் மாதிரி அந்தத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்ஜினியர் பெடலை மிதித்தார். ஒரு கொத்து. மேலே போய் நின்றது. மறுபடி மிதித்தார். ஒரு கொத்து. வேகமாக மிதித்துப் பார்த்தார், மெதுவாக மிதித்துப் பார்த்தார், தகடு வைத்தும் வைக்காமலும் பார்த்தார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் விடவில்லை. இரண்டாவது கொத்து வரவே இல்லை. இரண்டு கொத்து கொத்தித் தொலையேன் என்று எங்கள் பிள்ளையை எடுத்த மெஷினிடமே மனதுக்குள் கெஞ்சினேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமாக நான் யாரிடமும் கெஞ்சியதில்லை.

கடைசியில் இன்ஜினியர் கையைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு காலம் நின்ற பிரஸ் இப்படி ஓடி இதுவரை பார்த்ததில்லை என்றார். பராமரித்தது யார் என்று கேட்டார். மாமா கையைத் தூக்கினார். என்னென்ன செய்தீர்கள், ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொல்லுங்கள், அதையும் நான் குறித்துக்கொள்ள வேண்டும் என்றார்.

தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் அவருக்குப் பேச வரும்.

“முதல்ல மண்ணெண்ணெய்ல கழுவினேன். பழைய எண்ணெய் எல்லாம் பிசினா இருந்துது. அழுக்கோட மூடினா அடியில துரு பிடிச்சிடும். பெடல் கம்பியக் கழட்டித் துடைச்சேன். மேல கொக்கி இறுகிக் கெடந்துது. இழுத்து விட்டா அப்படியே நின்னுது, திரும்பி வரல. அதக் கழட்டி ஊற வச்சு, சுத்தமா தேச்சு, எண்ணெய் விட்டதும் லகுவா...”

அங்கே நின்றுவிட்டார்.

பிரஸ் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மிதிக்கும்போது அந்தக் கொக்கி விலகும், தலை இறங்கும். காலை எடுத்ததும் கொக்கி தானாகத் திரும்பி வந்து தலையை மேலேயே நிறுத்த வேண்டும். அது திரும்பாமல் இறுகிக்கொண்டால் தலை நிற்காது. யாரும் மிதிக்காமலே இன்னொரு முறை இறங்கும். மரங்கொத்தியின் கோளாறே அதுதான். அதைத்தான் அவர் தன் கையால் சரிசெய்து, அதற்குப் பிறகு நாலு வருஷம் கெடாமல் காப்பாற்றியிருக்கிறார்.

எப்போது செய்தீர்கள் என்று இன்ஜினியர் கேட்டார். பிள்ளை போன மூன்றாம் நாள் என்றார். யார் சொல்லிச் செய்தீர்கள் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, மெஷின் நிற்கப் போகிறதென்று தெரிந்தது, வந்தேன் என்றார். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வோமே, அதை அன்று கண்ணெதிரே பார்த்தேன். நம் வக்கீல் பெப்பர்மின்டைச் சப்புவதை நிறுத்திவிட்டார்.

கம்பெனி வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார். தகப்பனின் வேதனை எங்களுக்கும் புரிகிறது. ஆனால் பிரஸ் ஒழுங்காக ஓடியதைப் பார்த்த பிறகு, சாட்சியில்லாத ஒன்றை இப்போது சொன்னால் எப்படி ஏற்பது என்றார். இன்ஜினியர் மாமாவிடம் திரும்பினார். நீங்கள் சொன்னதையும் எழுதுகிறேன், ஆனால் இப்போது இதில் குறை இல்லை என்பதைத்தான் முதலில் எழுத வேண்டியிருக்கும் என்றார். பிறகு வந்த தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்கு மனமில்லை. இயந்திரத்தில் குறை நிரூபிக்கப்படவில்லை. கவனக்குறைவு. அக்கா வேண்டாம் என்று சொன்ன அதே வார்த்தை.

எல்லோரும் வெளியே போன பிறகு திரும்பிப் பார்த்தால் மாமாவைக் காணோம். உள்ளே போனேன். பிரஸ்ஸைத் துடைத்து மறுபடி கிரீஸ் பூசிக்கொண்டிருந்தார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இனிமேல் இது யாருக்காக, துருப்பிடித்து மண்ணாய்ப் போகட்டும் என்று கத்தினேன். துணியைப் பிடுங்கி எறிந்தேன். அவர் போய் அதை எடுத்து வந்தார்.

“எல்லாரும் கை வச்சுட்டாங்க, மாப்ளே,” என்றார்.

உறை போடும்போது ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

வீட்டுக்குப் போனோம். அக்கா அன்று அடுப்படியில் இல்லை, முன்னறையிலேயே நின்றிருந்தாள். எப்படி இருந்தது என்று அதே கேள்வியைத்தான் கேட்டாள். நன்றாக ஓடியது என்றார். எத்தனை கொத்து என்றாள். ஒன்று. ஒவ்வொரு தடவையுமா? ஒவ்வொரு தடவையும். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மாமா முந்திக்கொண்டார்.

“நான்தான் கெடுத்துட்டேன். மூணாம் நாள் போனேன்ல, அன்னிக்குக் கழுவி, இறுகியிருந்த கொக்கிய எடுத்து விட்டுட்டேன். கழுவினது ஞாபகம் இருந்துது, கொக்கிய விட்டது ஞாபகத்துலயே இல்ல. இன்னிக்குச் சொல்லும்போதுதான் தெரிஞ்சுது.”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். எங்கள் அக்காவின் பழைய வாய்க்கு அன்று வீடு தாங்கியிருக்காது. உண்மையைச் சொன்னால், கத்தினால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவள் கத்தவில்லை.

“நீங்க அன்னிக்கு அழப் போனீங்கன்னு நினைச்சேன்.”

“எனக்கு வேற எதுவும் செய்யத் தெரியல,” என்றார்.

நான் போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன். யாரும் வாங்காததால் நானே குடித்தேன். அப்போது அக்கா தலையைத் தூக்கினாள். கோபமாகக் கேட்கவில்லை, ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்.

“இறுகியிருந்துதுன்னா, நீங்க கைய வச்சுப் பாத்தீங்களா?”

“பாத்தேன். இந்தக் கையாலதான் தள்ளினேன்.”

“தள்ளாட்டி?”

“திரும்பாது. அப்படியே நிக்கும்.”

“அப்ப அவன் கால எடுத்துட்டிருந்தாலும் அது இறங்கியிருக்கும்.”

மாமா அவளையே பார்த்தார். பஸ் நிறுத்தத்தில் அவர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. ஷெட்டிலிருந்து வீடு வரைக்கும் அந்த மனிதர் தான் எதைக் கெடுத்தோம் என்பதை மட்டும்தான் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். என்ன பார்த்தோம் என்பதை நினைக்கவே இல்லை.

“இறங்கியிருக்கும்,” என்றார். பிறகு மெதுவாக, “அதுவாத்தான் இறங்கியிருக்கு. அவன் மிதிக்கல,” என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் கோணிக்கொண்டு போனது. தரையிலேயே உட்கார்ந்து, எண்ணெய்க் கையால் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி வாய்விட்டு அழுதார். அவனிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்பது எனக்குத்தான் புரிந்தது, அக்காவுக்குத் தெரியாது. அவள் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நாலு வருஷமா அந்த மெஷின் வாயைப் பாத்துக்கிட்டு இருந்தேன்,” என்றாள். “உங்களைக் கேட்டிருக்கலாம்.”